வேகமான அட்டையும் துணை அட்டையும்

கடந்த தவணையில் எமது தகவல் தொழினுட்பக் கழகம் நடத்திய கண்காட்சிக்காக, நூலகப் புத்தகங்களைத் தேட உதவும் சிறிய மென்பொருள் ஒன்றைச் செய்திருந்தேன். அது எங்கள் வீட்டுக் கணினியில், வேர்சுவல்பொக்ஸ் என்னும் மென்பொருளுக்குள் இயங்கும் மெய்நிகர் இயந்திரம் ஒன்றில் இருந்தது. ஆய்வுகூடத்தின் மற்றக் கணினிகளில் இருந்து மாணவியர் அதனோடு இணைந்து புத்தகம் தேடவேண்டும் என்பதே ஏற்பாடு. முழு இயந்திரத்தையும் வெளி வன்தட்டில் பிரதிசெய்து பாடசாலைக்கு எடுத்துச் சென்றேன். அங்கே அதனை இயக்கியதும், குறித்த வலையமைப்பு அட்டையைக் காணவில்லை என்ற அறிவித்தல் திரையில் தோன்றியது. வாசலில் பெற்றோர் வரத் தொடங்கியிருந்தனர். எனக்குக் கை நடுங்கியது.

டீச்சர் பதறவில்லை. “இதை நீங்கள் எதோடு கட்டி வைத்திருக்கிறீர்கள் மகள்?” என்று மட்டும் கேட்டார். வீட்டுக் கணினியின் வைஃபை அட்டையோடு கட்டியிருந்தேன். ஆய்வுகூடக் கணினியில் அந்த அட்டை எப்படி இருக்கும்? அமைப்புக்குள் சென்று அங்குள்ள அட்டையைத் தெரிவுசெய்ததும் எல்லாம் இயங்கின. ஆனால் டீச்சரின் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடியபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி. ஒரே மாடிக்கட்டடத்தில் பல குடும்பங்கள் தனித்தனி வீடுகளில் வாழ்வதுபோல, ஒரு பெரிய சேவையகத்தில் பல மெய்நிகர் இயந்திரங்கள் இயங்கலாம். அவற்றை நிருவகிக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். இது புதிய எண்ணமன்று. ஐபிஎம் நிறுவனம் 1972இலேயே விஎம்/370 என்ற முறைமையை அறிவித்திருந்தது. இன்று நாம் பயன்படுத்தும் இணையச் சேவைகள் பல இத்தகைய இயந்திரங்களிலேயே இயங்குகின்றன.

இவ்வாறான இயந்திரத்துக்கு வலையமைப்பு அட்டை கொடுக்க மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, உண்மையான அட்டை ஒன்றைப்போல மென்பொருள் நடிப்பது. இன்டெல் நிறுவனத்தின் பழைய அட்டை ஒன்று இருப்பதாக உள்ளே இயங்கும் பணிசெயல் முறைமை நம்பிவிடும். அதற்குரிய டிரைவர் ஏற்கெனவே அதனிடம் இருப்பதால் பொருத்தம் பற்றிய கவலை குறைவு. ஆனால் அட்டையின் ஒவ்வொரு செயலையும் நடித்துக் காட்டவேண்டியிருப்பதால் வேகம் குறையும்.

இரண்டாவது, வெர்ட்டையோ என்னும் முறை. அவுஸ்திரேலியரான ரஸ்டி ரசல் இதனை உருவாக்கினார். 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24 கருவில் இது இடம்பெற்றது. இங்கு நடிப்பு இல்லை. இது மெய்நிகர் அட்டைதான் என்பதை இருதரப்பும் அறிந்து, தரவை மொத்தமாகக் கைமாற்றிக்கொள்கின்றன. எந்த நிறுவனத்தின் அட்டை கீழே இருந்தாலும் இதற்குக் கவலையில்லை.

மூன்றாவது, உண்மையான அட்டையின் ஒரு பகுதியை நேரடியாக இயந்திரத்திடம் ஒப்படைப்பது. 2007இல் வெளியான எஸ்ஆர்-ஐஓவி என்ற நியமத்தின்படி, ஓர் அட்டை தன்னைப் பல சிறிய அட்டைகளாகக் காட்டிக்கொள்ளும். தரவு ஹைப்பர்வைசரைக் கடக்காமல் நேராகப் போவதால் இதுவே மிக வேகமானது. ஆனால் இயந்திரம் அந்தச் சேவையகத்தின் அந்த அட்டையோடு கட்டப்பட்டுவிடும். நான் செய்த தவறும் ஏறக்குறைய இதுதான்.

கட்டுவதால் என்ன நட்டம்? சேவையகம் ஒன்றைத் திருத்தவேண்டி வந்தால், அதிலுள்ள இயந்திரங்களை நிறுத்தாமலே வேறு சேவையகத்துக்கு மாற்றுவார்கள். நினைவகத்தைப் பிரதிசெய்துகொண்டே போவார்கள். இடையில் மாறிய பகுதிகளை மீண்டும் பிரதிசெய்வார்கள். கடைசியில் ஒரு கணம் மாத்திரம் நிறுத்தி மாற்றிவிடுவார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறரும் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குவேக் 3 என்னும் விளையாட்டுச் சேவையகத்தை, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே 60 மில்லிசெக்கன் இடைநிறுத்தத்துடன் இடம்மாற்றினார்கள். ஆனால் நேரடியாக ஒப்படைத்த அட்டையின் நிலை வன்பொருளுக்குள் இருக்கிறது. அதை நினைவகத்தைப்போல எளிதாக எடுத்துச் செல்ல முடியாது. போய்ச் சேரும் இடத்தில் வேறு வகை அட்டையும் இருக்கக்கூடும்.

அப்படியானால் வேகமா, இடம்மாறும் சுதந்திரமா? இரண்டும் கிடைக்க ஒரு வழி கண்டார்கள். 2018இல் வந்த லினக்ஸ் 4.18 கருவிலும், 2019 டிசெம்பரில் வந்த கியூஎமு 4.2 மென்பொருளிலும் அது சேர்க்கப்பட்டது. இயந்திரத்துக்கு இரண்டு அட்டைகள் கொடுக்கப்படும். வேகமான நேரடி அட்டை முதன்மை, வெர்ட்டையோ அட்டை துணை. இரண்டுக்கும் ஒரே மெக் முகவரி. சாதாரண நேரத்தில் தரவு முதன்மையால் போகும். இடம்மாறும் வேளை வந்ததும் முதன்மை அட்டை கழற்றப்படும். உடனே துணை அட்டை சுமையை ஏற்கும். இயந்திரம் முதன்மையை விடும்வரை இடமாற்றம் காத்திருக்கும். புதிய இடத்தில் நேரடி அட்டை மீண்டும் செருகப்பட்டதும் வேகம் திரும்பும். பாவனையாளர் சற்றுத் தாமதத்தை உணரலாம், இணைப்பு அறுவதில்லை.

பொருத்தமும் இங்கு கவனிக்கப்பட்டுள்ளது. ஒரே முகவரியில் இரு அட்டைகள் இருந்தால், இந்த ஏற்பாட்டை அறியாத பழைய முறைமை குழம்பிவிடும். எனவே “இது எனக்கு விளங்கும்” என்று இயந்திரத்தின் வெர்ட்டையோ டிரைவர் சொல்லும்வரை, முதன்மை அட்டை அதற்குக் காட்டப்படுவதே இல்லை. விளங்காத முறைமை துணை அட்டையோடு மெதுவாக, ஆனால் ஒழுங்காக இயங்கும்.

இதை உம்மாவிடம் விளங்கப்படுத்தியபோது அவர் சிரித்தார். “இது நம்மட அடுப்புக் கதைதானே” என்றார். 2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது, பின்பக்கத்து விறகு அடுப்பில்தான் எங்கள் வீட்டுச் சோறு வெந்தது. பானை அதே பானை, நேரம் மட்டும் கூடியது. “ரெண்டு கேஸ் அடுப்பு வெச்சிருந்தாலும் அண்டைக்கு என்ன பிரயோசனம்?” என்றும் கேட்டார். அந்தக் கேள்வி வலையமைப்புக்கும் பொருந்தும். இரு அட்டைகளின் தரவும் ஒரே வடத்தால் ஒரே ஆளிக்குப் போனால், அந்த ஆளி பழுதாகும்போது இரண்டும் ஓய்ந்துவிடும்.

பிறகு வீட்டில் நானும் சோதித்தேன். மெய்நிகர் இயந்திரத்துக்கு இரு அட்டைகள் கொடுத்து, லினக்ஸின் பொண்டிங் வசதியால் ஒன்றை முதன்மையாகவும் மற்றதைத் துணையாகவும் இணைத்தேன். முதன்மையின் வடம் இணைக்கப்பட்டுள்ளது என்ற அடையாளத்தை நீக்கினேன். இணைப்பு நின்றுவிட்டது! துணை அட்டை முதன்மையின் மெக் முகவரியோடு பேச, வேர்சுவல்பொக்ஸ் அதை ஏற்கவில்லை. துணை அட்டை தன் சொந்த முகவரியைப் பயன்படுத்தி, அதனை வலையமைப்புக்கு அறிவிக்கும்படி அமைப்பை மாற்றிய பிறகே இணைப்புத் தொடர்ந்தது. சோதிக்காமல் விட்டிருந்தால், எனக்குத் துணை அட்டை இருக்கிறது என்று நம்பிக்கொண்டே இருந்திருப்பேன்.

உம்மா நோன்பு காலத்தில் கஞ்சிக்கு விறகு அடுப்பைத்தான் மூட்டுவார். அதனால்தான் தேவைப்பட்ட நாளில் அது தயங்காமல் எரிந்தது. அடுத்த கண்காட்சிக்கு, இன்ஷா அல்லாஹ், என் இயந்திரத்தை ஒருநாள் முன்னதாகவே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் இயக்கிப் பார்ப்பேன்.