தலைப்பாகையும் குஞ்சலமும்

1947-ல் ஆங்கில ஆட்சி கப்பலேறிப் போய்விட்டது. ஆங்கில இலக்கணமோ நம் வீட்டுப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களை விட்டுப் போகிற வழியாக இல்லை. அவற்றில் சிவப்பு மைக்கு ஓயாமல் வேலை கொடுப்பது, பலவற்றுள் ஒன்றையே உயர்த்திச் சொல்லும் விசேஷணம். பையன் 'மோஸ்ட் டாலெஸ்ட்' என்று எழுதுகிறான். உபாத்தியாயர் சுழிக்கிறார். தகப்பனார் அதைப் பார்த்துவிட்டு, "இதுகூடத் தெரியாத மண்டு!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். இந்தத் தீர்ப்பு நியாயந்தானா?

நம் தமிழில் 'உயரமான' என்ற சொல் எந்த நிலையிலும் உருமாறுவதில்லை. உயரமான பையன், அண்ணனைவிட உயரமான பையன், எல்லோரையும்விட உயரமான பையன் - மூன்றிலும் சொல் ஒன்றே. ஒப்பிடும் வேலையை 'விட' என்பது பார்த்துக் கொள்கிறது. செய்யுள் நடையில் அதே வேலையை ஐந்தாம் வேற்றுமை செய்கிறது. தொல்காப்பியர் காலத்திலிருந்தே அதற்கு அந்த உத்தியோகம் உண்டு.

ஆங்கிலத்திலோ சொல்லே வேஷம் மாற வேண்டும். 'டால்' என்பது உயரம். இருவரில் உயர்ந்தவன் 'டாலர்'. பலரில் உயர்ந்தவன் 'டாலெஸ்ட்'. ஒரே அசையுள்ள குட்டிச் சொற்களுக்கெல்லாம் பெரும்பாலும் இந்த 'எஸ்ட்' என்னும் வால்தான். 'ஹாப்பி' போல 'ஒய்' எழுத்தில் முடியும் ஈரசைச் சொல்லும் வாலையே விரும்பும். அந்த 'ஒய்' மட்டும் 'ஐ' ஆகிவிடும். 'பேமஸ்', 'கேர்புல்' போன்ற ஈரசைச் சொற்களும், 'பியூட்டிபுல்' போன்ற நீண்ட சொற்களும் வாலைச் சுமக்க மாட்டா. அவற்றின் முன்னால் 'மோஸ்ட்' வரும். 'குட்' என்பது 'பெஸ்ட்' ஆவதையும், 'பேட்' என்பது 'வொர்ஸ்ட்' ஆவதையும் மனப்பாடம் செய்வது தவிர வேறு வழியில்லை.

'மோஸ்ட்' என்பது தலைப்பாகை. 'எஸ்ட்' என்பது குஞ்சலம். தலைப்பாகை கட்டினவர் பின்னலில் குஞ்சலம் வைத்துக் கொள்வதில்லை அல்லவா? ஒரு சொல்லுக்கு இரண்டில் ஒன்றே போதும் என்று குழந்தைக்குச் சொன்னால் சிரித்துக் கொண்டே நினைவில் வைத்துக் கொள்ளும்.

இரண்டையும் சேர்த்து அணிவித்த குற்றம் நம் பையன் ஒருவனுடையது மட்டும் அன்று. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தில், புரூட்டஸின் கத்திக் குத்தைப் பற்றி ஆண்டனி பேசுமிடத்தில், ஒரே சொல்லுக்கு 'மோஸ்ட்'டும் உண்டு, 'எஸ்ட்'டும் உண்டு! அக்காலத்தில் அது அழுத்தமாகச் சொல்லும் முறை. பிற்காலத்தில் லண்டன் பிஷப்பான ராபர்ட் லௌத் என்பவர் 1762-ல் வெளியிட்ட இலக்கணத்தில் அது தகாது என்று கண்டித்தார். அப்போதும், பழைய பைபிள் சங்கீத மொழிபெயர்ப்பில் கடவுளைக் குறித்து அப்படி வந்த இடத்துக்கு மாத்திரம் சலுகை கொடுத்தார். ஆகவே நம் பையன் மண்டு அல்லன். சில நூற்றாண்டுகள் பிந்திப் பிறந்துவிட்டான், அவ்வளவுதான்.

இன்னொரு தொல்லை 'தி'. உச்சியில் நிற்பதைச் சுட்டிக் காட்ட ஆங்கிலத்தில் 'தி டாலெஸ்ட் பாய்' என்று சொல்ல வேண்டும். தமிழில் இப்படி ஒரு சொல் கட்டாயமில்லை. ஆகையால் குழந்தை அதை மறந்துவிடுகிறது. 'மை பெஸ்ட் பிரெண்ட்' என்னும்போது 'மை' என்பதே சுட்டிவிடுவதால் அங்கே 'தி' வேண்டாம்.

ஆனால் தாய்மொழி கை கொடுக்கும் இடமும் உண்டு. 'ஒன் ஆப் தி பெஸ்ட் ஸ்டூடன்ட்' என்று படித்தவர்களே எழுதக் காண்கிறோம். தமிழில் 'சிறந்த மாணவனுள் ஒருவன்' என்று யாராவது சொல்வார்களா? 'மாணவர்களுள் ஒருவன்' என்றுதானே சொல்வோம்! ஆங்கிலத்திலும் அப்படியே பன்மை வேண்டும்: 'ஸ்டூடன்ட்ஸ்'. தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்த்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திராது.

பெற்றோர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். அந்நிய பாஷையில் பிழை செய்வது அறிவுக் குறைவின் அடையாளம் அன்று. இரண்டு பாஷைகளின் போக்கு வேறு என்பதன் அடையாளம். அந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தைப் பிழையறக் கற்கட்டும். அதற்காகக் குழந்தை தன்னைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.