பட்டரவாக்கத்தில் ஒரு படகு கார்

ஷட்டர் இடுப்பளவுதான் ஏறியிருந்தது. பொறுக்க முடியாமல் குனிந்து பார்த்துவிட்டேன். முதலில் பம்பர் தெரிந்தது. பம்பரா அது! இரண்டு பேர் திண்ணை போல உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம், அத்தனை அகலம். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய பட்டரவாக்கத்தில், ஒரு லேத் பட்டறைக்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கும் நடுவே இருக்கிறது இந்தத் தகரக் கொட்டகை. உள்ளே 1954-ம் வருட டாட்ஜ் கிங்ஸ்வே. சின்ன வயதில் இந்த வண்டிகளைப் 'படகு கார்' என்போம். தெருவில் ஒன்று வந்தால் கோலிக்குண்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுவோம். அதே ஓட்டம்தான் இப்போதும் காலுக்குள்.

"வாசல்லயே நின்னா எப்படி தம்பி? உள்ள வாங்க" என்றார் டிங்கர் பெரியவர்.

வண்டி முழுதாக இல்லை. எனக்கு அதுதான் கொண்டாட்டம்! நான்கு கதவுகளும் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. சீட்டின் ஸ்பிரிங்குகள் வயிற்றைத் திறந்து காட்டுகின்றன. குரோம் பட்டைகளெல்லாம் கம்பியில் வரிசையாகத் தொங்குகின்றன, ஒவ்வொன்றிலும் சாக்பீஸ் எழுத்து: 'இடது முன்', 'வலது பின்'. பழைய பிஸ்கட் டின் ஒன்றைப் பெரியவர் திறந்தார். வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பிள்ளையைத் தூக்குவது போல வெளியே எடுத்தார். பேனட்டின் மூக்கில் நிற்கும் ஆட்டுக்கிடா! டாட்ஜின் சின்னம். கையில் வாங்கினேன். என்ன கனம்!

அந்தக் கிடாவுக்குப் பின்னால் ஒரு ரகசியம் இருக்கிறது. மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டு 1947 முதல் அமெரிக்கக் கார்களைப் பூட்டி விற்றது. பிளைமவுத், டாட்ஜ், டிசோட்டோ என்று பெயர்கள் மூன்று. உடம்பு பெரும்பாலும் ஒன்றேதான்! கிரில்லையும் பெயர்ப் பலகையையும் மாற்றினால் அடுத்த கார் தயார். டாட்ஜுக்குக் கிடா, பிளைமவுத்துக்குப் பாய்மரக் கப்பல். நான் டாட்ஜ் வைத்திருக்கிறேன், நீ பிளைமவுத்தா என்று நம் தாத்தாக்கள் மீசை முறுக்கியது ஒரே தகரத்தின் மேல்தான்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் பிளைமவுத் சொகுசுக் காரே அல்ல. கிரைஸ்லர் குடும்பத்தில் விலை குறைந்த கடைக்குட்டி அது. 1932-ல் வால்டர் கிரைஸ்லரே விளம்பரத்தில் நின்று, ஃபோர்டு, செவர்லே, பிளைமவுத் மூன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று கடைக்காரர் போலக் கேட்டார். அதே வண்டி கடல் தாண்டி நம்மிடம் வந்ததும் மிராசுதாருக்கும் டாக்டருக்கும் சினிமா நட்சத்திரத்துக்கும் ராஜரதமாகிவிட்டது. நடிகர் எம்.ஆர்.ராதா தன் இம்பாலாவில் வைக்கோல் ஏற்றினார் என்ற கதையைக் கோடம்பாக்கம் இன்றுவரை சொல்லிச் சொல்லி மகிழ்வதற்கு என்ன காரணம்? அமெரிக்கக் காரை ஊரே அந்த உயரத்தில் வைத்திருந்தது.

கூரையைக் கவனியுங்கள் என்றார் வண்டியின் சொந்தக்காரர். கே.டி.கெல்லர் கிரைஸ்லரின் தலைவராக இருந்தபோது, தொப்பியோடு ஒருவர் தாராளமாக உட்கார வேண்டும் என்று அடம்பிடித்தவர். தாழ்ந்த, நீண்ட கார்களுக்கு அமெரிக்கா மயங்கிய காலத்தில் அந்த உயரம் கிரைஸ்லருக்கு வினையாயிற்று. ஆனால் தலைப்பாகையோடு ஏறிய நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அது எத்தனை சௌகரியம்! உள்ளே ஏறி நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். தலைக்கு மேல் இன்னும் ஒரு சாண் இருக்கிறது.

அப்புறம் வந்தது புதையல். ஒரு அட்டைக் கோப்பு. 1985-ல் மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் சொந்தக்காரரின் அப்பா அங்கே பழைய அமெரிக்கப் பத்திரிகைகளை வாங்கி, கார் விளம்பரங்களை மட்டும் கத்தரித்துச் சேர்த்தது. டீ ஆறிப்போனது, நான் நிமிரவில்லை. ஐம்பதுகளின் கேடிலாக் விளம்பரங்களில் 'வி' சின்னத்தை வைரமும் மரகதமுமாக நகைக்கடைக்காரர்கள் செய்து கொடுத்திருக்கிறார்கள். நம் தீபாவளி மலரில் வரும் நகைப் பக்கம் மாதிரியே! 1957-ன் எல்டொராடோ புரோம் காரோடு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் டம்ளர்களும் வாசனைத் திரவியப் புட்டியும் கிடைத்தன. கார் வாங்கினால் சீர்வரிசையும் கூடவே வந்த காலம். பான்டியாக் விளம்பரங்களுக்கு ஃபிட்ஸ்பேட்ரிக் காரை வரைவார், வான் காஃப்மன் மனிதர்களையும் பின்னணியையும் வரைவார். நிஜக் காரை விடப் படத்தில் அகலம் அதிகம். வேண்டுமென்றே இழுத்து வரைந்ததுதான் அது. தெரிந்த பிறகும் கண் அந்தப் படத்தை விட்டு நகர மறுக்கிறது.

1957-ல் பிளைமவுத், திடீரென்று 1960 வந்துவிட்டது என்று கூவியது. இந்த விளம்பரங்களின் அடிவேர் இதுதான். போன வருடத்துக் காரைப் பார்த்துச் சொந்தக்காரரே கூச்சப்பட வேண்டும், உடனே புதுசு வாங்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் ஆண்டுதோறும் மாடலை மாற்றும் வழக்கத்தை வளர்த்தது அதற்காகவே.

அந்த வித்தை நம்மிடம் செல்லுபடியாகவில்லை. 1955-ல் அமெரிக்காவில் வடிவமைப்பாளர் வர்ஜில் எக்ஸ்னர் கிரைஸ்லர் கார்களுக்குப் புதுத் தோற்றம் கொடுத்தார். அதே 1955 ஜனவரியில், இந்தக் கொட்டகையிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஆவடியில், காங்கிரஸ் மாநாடு சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதற்கு முன்பே இறக்குமதி இறுகியிருந்தது. இங்கே வெறுமனே பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டன. அடுத்த மாடல் வராத ஊரில் இருக்கிற வண்டியைத்தானே காப்பாற்ற வேண்டும்! செம்பியம் சிம்ப்ஸனின் பெர்கின்ஸ் டீசல் என்ஜினை வயிற்றில் வைத்துக்கொண்டு பல படகு கார்கள் டாக்ஸியாக ஓடின. இந்த வண்டியிலும் ஒருகாலத்தில் டீசல் இருந்ததற்கு அடையாளமாக சேசிஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறது. பெரியவர் அதைத் தடவிக் காட்டினார். இப்போது பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் திரும்ப ஏறியிருக்கிறது.

பாகங்களுக்கு எங்கே போவது என்று கேட்டேன். கையை நீட்டித் தெருவைக் காட்டினார். புஷ் பக்கத்து லேத்தில். கதவு ரப்பர் எஸ்டேட்டில், மாதிரி கொடுத்தால் வார்த்துவிடுவார்கள். குரோம் இரண்டு தெரு தள்ளி. கதவில் விழுந்த டொக்குக்கு உள்பக்கம் இரும்புக் கட்டையை அணைத்து, வெளியிலிருந்து சுத்தியலால் பூப்போலத் தட்டுகிறார். விரலால் தடவிப் பார்த்து மறுபடி தட்டுகிறார். பட்டி பூசி மறைக்கிற வேலையே இல்லை. 1964-ல் எஸ்டேட் வந்த நாளிலிருந்து இந்தப் பகுதியின் கைகள் பழகிய வேலை இது. பாடியில் வளர்ந்த சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1992-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ரேடியேட்டர் மூடி செய்யும் இயந்திரங்களையே வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. அமெரிக்கக் கார்களுக்கு மூடி தமிழ்நாட்டிலிருந்து போனது! எனக்கு இதை நினைத்தால் உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

சாயங்காலம் சாவியைத் திருப்பினார்கள். என்ஜின் ஒரு செருமல் செருமிவிட்டு, உறங்கும் பூனை போல முனகத் தொடங்கியது. பெஞ்சின் மேலிருந்த டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. எல்லோரும் கைதட்டினோம்.

"கிடாவை இப்பவே மாட்டிடலாமா?" என்று கெஞ்சினேன்.

"வெள்ளிக்கெழம நல்ல நேரம் பாத்து மாட்டிக்கலாம் தம்பி" என்ற பெரியவர், பையனைக் கூப்பிட்டு எலுமிச்சம்பழத்துக்குக் காசு கொடுத்தார். "நாலு. இந்த டயருக்குக் கொஞ்சம் பெருசாப் பாத்து வாங்கிட்டு வாடா."