உயரத்துக்கா, கோணத்துக்கா? லாங் ஆர்ம் லிஃப்ட் கிட்டை எடைபோடுவது எப்படி

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து டாஹோ ஏரியை நோக்கிப் போகிறது ரூபிகான் தடம். நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் தூரம். இங்கே பலர் வழியில் கூடாரம் போட்டு இரவு தங்கி, மறுநாள்தான் மறுபக்கம் போய்ச் சேருகிறார்கள். பேருக்குத்தான் பாதை, நெடுகிலும் கிரானைட் பாறைகள். 1953 முதல் ஜீப் ஓட்டிகள் ஆண்டுதோறும் இங்கே கூடுகிறார்கள். யூட்டா மாநிலத்து மோவாப் நகரில் 1967 முதல் ஈஸ்டர் சமயத்தில் இதேபோல இன்னொரு கூட்டம் கூடுகிறது.

இந்தத் தடங்களில் ஏறும் ஜீப்புகளில் பல, தொழிற்சாலையை விட்டு வந்த உயரத்தில் இல்லை. பெரிய டயர் போட இடம் வேண்டும். வண்டியின் வயிறு பாறையில் உரசக் கூடாது. ஒரு சக்கரம் பாறை மேலும் இன்னொன்று பள்ளத்திலும் இருக்கும்போது நான்கும் தரையைத் தொட வேண்டும். இதற்காக ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றி, அச்சிலிருந்து வண்டியின் உடலை மேலே தூக்கும் சாமான்களின் தொகுப்புதான் சஸ்பென்ஷன் லிஃப்ட் கிட். இதில் இரண்டு வகை உண்டு. அச்சைப் பிடித்திருக்கும் கரங்களைப் பழைய நீளத்திலேயே வைத்துக்கொள்வது ஷார்ட் ஆர்ம். அவற்றை எடுத்துவிட்டு ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளக் கரங்களைப் பொருத்துவது லாங் ஆர்ம். இரண்டாவதற்கு விலையும் கூலியும் மிக அதிகம். அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

கரத்தின் வேலை

பழைய சிஜே ஜீப்புகளிலும் 1987 மாடலாக வந்த ரேங்லர் ஒய்ஜேயிலும் இருந்தது லீஃப் ஸ்பிரிங், லாரிப் பட்டறைகளில் கமான் பட்டை என்கிறார்களே, அது. வண்டியின் எடையைத் தாங்குவதும் அச்சை அதன் இடத்தில் பிடித்துவைப்பதும் அந்த ஒரே பட்டையின் பொறுப்பு. 1997 மாடலாக வந்த ரேங்லர் டிஜேயில் நான்கு சக்கரங்களுக்கும் சுருள் ஸ்பிரிங் வந்தது. சுருளுக்கு எடையைத் தாங்க மட்டுமே தெரியும். அச்சு முன்னும் பின்னும் ஓடாமல் பிடிக்க வேறு ஏற்பாடு வேண்டும். அதற்காக ஓர் அச்சுக்கு நான்கு கன்ட்ரோல் ஆர்ம்கள்: கீழே இரண்டு, மேலே இரண்டு. ஒவ்வொன்றின் ஒரு முனை சேஸிஸில் மாட்டியிருக்கும், மறுமுனை அச்சில். பக்கவாட்டு நகர்வைத் தடுக்க டிராக் பார் என்ற குறுக்குத் தண்டு ஒன்றும் உண்டு.

ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் பிரேக்கை மிதித்தாலும் அச்சு தன் மேலேயே சுழன்றுகொள்ளப் பார்க்கும். மேல் கரமும் கீழ்க் கரமும் சேர்ந்து அதை அடக்குகின்றன. சக்கரத்துக்கும் வண்டிக்கும் இடையிலான தள்ளலும் இழுப்பும் இந்தக் கரங்கள் வழியாகவே போகின்றன. ஆகவே அவை எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கின்றன என்பது வண்டியின் குணத்தையே தீர்மானிக்கிறது.

16 அங்குலமும் 32 அங்குலமும்

டிஜேயின் முன்பக்கக் கீழ்க் கரம் ஏறத்தாழ 16 அங்குலம். தொழிற்சாலை உயரத்தில் அது கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். வண்டியை உயர்த்தினால் சேஸிஸ் பக்க முனை மேலே போகும், அச்சுப் பக்க முனை இருந்த இடத்திலேயே நிற்கும், கரம் சாயும். ஊஞ்சலைப் படுக்கவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்: குட்டைக் கயிற்று ஊஞ்சலையும் நீளக் கயிற்று ஊஞ்சலையும் ஒரே தூரம் தள்ளினால், குட்டைக் கயிறுதான் அதிகம் சாயும்.

முதலில் கரம் தரைக்குச் சமமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். வண்டியை 4 அங்குலம் உயர்த்தினால் 16 அங்குலக் கரம் சுமார் 14.5 பாகை சாயும். 32 அங்குலக் கரமோ சுமார் 7 பாகைதான் சாயும். அந்த நிலையில் சக்கரம் பள்ளத்தில் மேலும் 4 அங்குலம் இறங்கினால் குட்டைக் கரம் 30 பாகைக்குப் போய்விடும். நீளக் கரம் 14.5 பாகையில் நிற்கும். இந்த இறக்கத்தில் குட்டைக் கரம் அச்சைச் சேஸிஸ் முனையை நோக்கி 1.6 அங்குலத்துக்கு மேல் இழுத்துவிடுகிறது. நீளக் கரம் இழுப்பது முக்கால் அங்குலம் மட்டுமே. சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது அச்சு முன்னும் பின்னும் அலையும் அளவு பாதிக்கும் கீழே குறைகிறது. லாங் ஆர்மின் அடிப்படை லாபம் இதுதான்.

ஓட்டுபவருக்கு இது எங்கே தெரியும்?

முதலில் முன்பக்கத்தில். முன் அச்சின் கரங்கள் சேஸிஸிலிருந்து முன்னோக்கிக் கீழே சாய்ந்திருக்கின்றன. சக்கரம் ஒரு மேட்டில் மோதும்போது மேலே மட்டும் போவதில்லை. கரத்தின் வட்டப் பாதையில் சற்று முன்னோக்கியும் போயாக வேண்டும். அதாவது, மோதிய மேட்டுக்கு எதிராகவே போக வேண்டியிருக்கிறது. சாய்வு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அதிகமாக அந்த அடி ஸ்பிரிங்குக்குப் போகாமல் கரம் வழியாக நேரே சேஸிஸில் இறங்கும். உயர்த்திய ஜீப் சாதாரண வேகத்தடையிலேயே தூக்கிப்போடுகிறது என்று பலர் குறை சொல்வதற்குக் கெட்டியான ஸ்பிரிங் மட்டுமல்ல, இந்தச் சாய்வும் காரணம்.

பின்பக்கத்தில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே கரங்கள் பின்னோக்கிக் கீழே சாய்ந்திருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், அச்சு கரம் வழியாக வண்டியை முன்னே தள்ளுவதோடு மேலேயும் தூக்கும். பின்பகுதி எழும்பும், சக்கரம் குதிக்கும், பிடிப்பு விட்டுவிட்டு வரும். கரம் படுத்திருந்தால் தள்ளல் பெரும்பாலும் முன்னோக்கியே போகும். வண்டி அமைதியாக ஏறும்.

லாங் ஆர்ம் போட்டால் சக்கரம் இன்னும் அதிகம் இறங்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது பாதி உண்மைதான். சக்கரம் எவ்வளவு இறங்கும் என்பதை முதலில் முடிவு செய்வது ஷாக் அப்சார்பரின் நீளம். நல்ல ஷார்ட் ஆர்ம் கிட்டோடு நீளமான ஷாக் போட்ட டிஜேயும் பாறையில் நன்றாகவே வளைந்து கொடுக்கும். இதை அளக்க ஒரு முறை இருக்கிறது. 20 பாகைச் சரிவுப் பலகையில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி, மற்றொரு சக்கரம் தரையை விடும்வரை போக வேண்டும். ஏறிய தூரத்தை வீல்பேஸால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் கிடைப்பது ஆர்டிஐ எண். 93.4 அங்குல வீல்பேஸ் உள்ள டிஜே, பலகையில் 60 அங்குலம் ஏறினால் எண் 642. விளம்பரங்களில் இந்த எண்ணைப் பெருமையாகப் போடுவார்கள். ஆனால் அந்த வளைவுக்கு இடையில் அச்சு எவ்வளவு ஒழுங்காக நகர்ந்தது, ஸ்டியரிங் நேராக இருந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. நீளக் கரத்தின் பெருமை அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

எல்லா நீளக் கரமும் ஒன்றல்ல

கிட்டின் பெட்டியில் லாங் ஆர்ம் என்று எழுதியிருந்தால் போதாது. உள்ளே எந்த அமைப்பு என்று கேட்க வேண்டும். எளியது ரேடியஸ் ஆர்ம். இதில் மேல் கரம் சேஸிஸுக்குப் போகாமல், கீழ்க் கரத்திலேயே வந்து சேரும். பொருத்துவது சுலபம், சாலையில் நிதானமாக ஓடும். ஆனால் ஒரு சக்கரம் மேலேயும் மற்றது கீழேயும் போகும்போது இரண்டு கரங்களும் அச்சை எதிரெதிர்த் திசையில் முறுக்கப் பார்ப்பதால், ஓர் எல்லையில் இறுகிக்கொள்ளும். த்ரீ லிங்க் அமைப்பில் கீழே இரண்டு கரம், மேலே ஒன்று, கூடவே டிராக் பார். இறுக்கம் இல்லை. ஆனால் ஒற்றை மேல் கரம் முழுச் சுழற்சி விசையையும் தாங்குவதால் அதுவும் அதன் பிடிமானமும் பலமாக இருக்க வேண்டும். ஃபோர் லிங்க்கில் மேல் கரங்களை முக்கோணமாகச் சாய்த்து வைத்தால் டிராக் பாரே தேவைப்படாது. பின் அச்சுக்கு இது பிரபலம். முன்பக்கத்தில் எஞ்சினும் ஸ்டியரிங்கும் இடம் விடாது.

சேஸிஸில் எப்படிப் பிடிக்கிறது என்பதும் முக்கியம். சில கிட்களைப் போல்ட் போட்டே மாட்டிவிடலாம். பலவற்றில் தொழிற்சாலை பிராக்கெட்டுகளை வெட்டி எறிந்து, புதியவற்றை வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டிய பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது எளிதல்ல.

விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்

நீளக் கரம் சேஸிஸின் நடுப்பகுதி வரை வந்து முடிகிறது. பாறைத் தடத்தில் அடிபடும் முதல் இடம் அந்த நடுவயிறுதான். கரமும் அதன் பிராக்கெட்டும் தாழ்வாகத் தொங்கினால், உயர்த்தியதில் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். நல்ல கிட்கள் அடித்தட்டை மேலே ஏற்றி இதைச் சமாளிக்கின்றன. நீளமான கரம் வளையவும் எளிது. அதனால் கனத்த சுவருள்ள குழாய் வேண்டும், அதற்கேற்ப எடையும் கூடும்.

கரம் எதுவானாலும் உயரம் கூடினால் வரும் வேலைகள் தனி. டிராக் பார் அச்சைப் பக்கவாட்டில் இழுத்துவிடும்; நீளம் மாற்றக்கூடிய பார் வேண்டும். அதன் கோணமும் ஸ்டியரிங் தண்டின் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் தானே திரும்பும். பிரேக் ஹோஸ் நீளமாக வேண்டும். புரப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடுவதால் அதிர்வு வரும். பெரிய டயருக்கு ஏற்ப டிஃபரன்ஷியல் பல் விகிதத்தை மாற்றாவிட்டால் வண்டி இழுக்கத் திணறும். முன்பக்கத்தின் தேய்ந்த புஷ்ஷும் தளர்ந்த போல்ட்டும் சேர்ந்தால், டெத் வாபிள் என்று ஓட்டிகள் அஞ்சும் கடும் நடுக்கம் ஸ்டியரிங்கில் வரும். நீளக் கரம் அதற்கு மருந்தாகாது.

கவிழும் ஆபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இடது, வலது டயர்களின் இடைவெளி 60 அங்குலம், எடைமையம் தரையிலிருந்து 28 அங்குலம் என்று கொண்டால், வடிவக் கணக்கில் வண்டி பக்கவாட்டில் 47 பாகை சாயும்வரை நிற்கும். ஸ்பிரிங்கும் டயரும் சேர்ந்து எடைமையத்தை 32 அங்குலத்துக்கு ஏற்றினால் அது 43 பாகையாகிவிடும். டயரும் ஸ்பிரிங்கும் அமுங்குவதால் உண்மையில் இன்னும் முன்பே கவிழும்.

நடுவழி

கரத்தை மாற்றாமல், சேஸிஸ் பக்கத்துப் பிடிமானத்தைத் தாழ்த்தும் டிராப் பிராக்கெட் உண்டு. சாய்வு குறையும், சாலையில் சுகம் திரும்பும், செலவு கொஞ்சம். பிராக்கெட் கீழே தொங்குவதால் பாறைக்கு ஆகாது; மணலுக்கும் மண்பாதைக்கும் போதும். மிட் ஆர்ம் என்ற இடைப்பட்ட நீளமும் கிடைக்கிறது. ரேங்லர் ஜேகே, ஜேஎல் போன்ற பிந்தைய மாடல்களின் கரங்கள் டிஜேயைவிட நீளமானவை. அதனால் டிஜேக்காரரைப் பாடாய்ப் படுத்தும் உயரம் அந்த மாடல்காரர்களை அவ்வளவு வாட்டாது.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2020-இல் வந்த புதிய மஹிந்திரா தாரின் முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். மேலே சொன்ன முன் அச்சுக் கணக்கு அதற்குப் பொருந்தாது. மாருதி ஜிம்னியில் முன்னும் பின்னும் திட அச்சு. முன்பக்கத்தில் ரேடியஸ் ஆர்ம். வண்டியை உயர்த்தினால் அச்சே சற்றுச் சுழன்று காஸ்டர் கோணம் குறையும். அதனால் ஸ்டியரிங் தானாக நேர்க்கோட்டுக்குத் திரும்பும் குணம் மங்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கிட் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

முடிவாக, டிஜே போன்ற குட்டைக் கர வண்டிக்கு 3 அங்குல உயர்வு வரை நல்ல ஷார்ட் ஆர்ம் கிட் தாராளம். 4 அங்குலத்தைத் தாண்டி, பாறைத் தடங்களுக்கு அடிக்கடி போகிறவருக்கு லாங் ஆர்ம் தன் விலைக்கு வேலை செய்யும். அதைக் காட்சிக்காக வாங்குவது வீண். வாங்குமுன் உங்கள் வண்டியின் கீழ்க் கரத்தின் சாய்வை ஒரு கோணமானியால் அளந்து பாருங்கள். அது படுத்தே இருந்தால், அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் டிஃபரன்ஷியல் லாக்கருக்கும் அடித்தட்டுக்கும் செலவிடுங்கள். தடத்தில் முதலில் கைகொடுப்பவை அவையே.