ஒரு கல்லுக்கு இரண்டு பேர்

மன்னார் வளைகுடாவில் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், ஒரு தோணியில் பத்துக் குளிகாரர்கள் போனால் கல் ஐந்துதான் இருக்கும். பதினைந்து, இருபது கிலோ எடையுள்ள கருங்கல் அது. ஒரு முனையில் துளையிட்டுக் கயிறு கோத்திருப்பார்கள். குளிகாரர் அந்தக் கயிற்றில் காலைப் பொருத்தி, வலைக்கூடையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து நிறுத்துவார். தோணியில் நிற்பவர் கயிற்றை விட்டதும் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் கிடக்கும் முத்துச்சிப்பிப் பாருக்குச் சில நொடிகளில் கல் இழுத்துக்கொண்டு போய்விடும். மீட்டர் கணக்கில் ஒன்பது முதல் பதினெட்டு. கல் உடனே மேலே ஏறிவிடும். கீழே இருப்பவர் கைக்கு எட்டிய சிப்பிகளை அள்ளிப் போட்டு, ஒரு நிமிடத்தை ஒட்டிக் கயிற்றைச் சுண்டுவார். கூடை ஏறும், அவரும் ஏறுவார். அடுத்து அந்தக் கல்லில் இறங்குவது அவருடைய ஜோடி. இவர் தோணியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்.

கல்லுக்குப் பஞ்சம் இல்லை. பத்துப் பேருக்குப் பத்துக் கல் ஏற்றியிருக்கலாம். சிப்பியும் கூடுதலாகக் கிடைத்திருக்கும். பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழிலில் இப்படி ஒரு கட்டாய ஓய்வு எப்படி வந்து சேர்ந்தது?

பதில் தேடினால் பசிபிக் கடல்வரை போக வேண்டியிருக்கிறது. பிரெஞ்சு பாலினேசியாவின் துவாமோத்து தீவுகளில் முத்துச்சிப்பி எடுப்பவர்கள் முப்பது, நாற்பது மீட்டர் ஆழத்துக்கு மூச்சடக்கி இறங்குவார்கள். நான்கு முதல் எட்டு நிமிட இடைவெளியில் மறுபடி இறக்கம், அதுவும் மணிக்கணக்கில். பொழுது சாயும்போது அவர்களில் சிலருக்குத் தலை சுற்றும், கை கால் இழுத்துக்கொள்ளும், சிலர் இறந்தும் போவார்கள். 1965-இல் இதை ஆராய்ந்து எழுதிய ஈ.ஆர். கிராஸ் இன்னொன்றையும் கவனித்தார். மாங்கரேவா என்ற தீவில் அதே தொழில்தான் நடந்தது, ஆனால் இந்த நோய் இல்லை. அங்கே ஒரு முறை இறங்கி ஏறினால் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் ஓய்வு எடுப்பது வழக்கம். அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

நம் பார்கள் அவ்வளவு ஆழமில்லை என்பதால் நைட்ரஜன் தொல்லையும் இங்கே அந்த அளவுக்கு வந்திருக்காது. ஒரு கல்லுக்கு இரண்டு பேர் என்பது அதற்காகவே வகுத்த விதி என்று நான் சொல்ல மாட்டேன். கூலிக் கணக்கும் தோணியின் இடவசதியும்கூடக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் களைத்த உடம்பை மறுபடி ஆழத்தில் தள்ளாத ஏற்பாடு அது என்பதில் சந்தேகமில்லை. காரணம் தெரியாமலே ஒரு சமூகம் சரியான வழக்கத்துக்கு வந்து சேர முடியும். நாம் அனுபவம் என்று மதிக்கும் விஷயத்தின் மிக நல்ல பக்கம் இதுதான்.

அனுபவம் எப்போது நன்றாகக் கற்றுத்தருகிறது? தவறு செய்தவுடனே வலித்தால். முதன்முதலாகக் கடலில் மூழ்கும் பையனுக்கு இரண்டு மீட்டர் இறங்குவதற்குள் காது வலித்துவிடும். செவிப்பறையை வெளியிலிருந்து நீர் அழுத்துகிறது. உள்ளே அதற்கு ஈடான அழுத்தம் இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறந்து வலி நிற்கும். செய்தால் தீர்கிறது, செய்யாவிட்டால் வலிக்கிறது. இந்தப் பாடத்துக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

கண் இன்னும் வியப்பானது. தண்ணீருக்குள் நம் பார்வை மங்குவதற்குக் காரணம், காற்றில் ஒளியை வளைத்துத் தரும் கருவிழிப் படலம் நீரில் அந்த வேலையைச் செய்ய முடியாமல் போவதுதான். ஆனால் தாய்லாந்தின் அந்தமான் கடற்கரையில் வாழும் மோக்கன் குழந்தைகள், கண்ணாடி எதுவும் அணியாமல் கடலடியில் சின்னஞ்சிறு சிப்பிகளைப் பொறுக்குகிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த அன்னா கிஸ்லேன் 2003-இல் அவர்களைச் சோதித்தார். நீருக்குள் அவர்களின் பார்வைக் கூர்மை ஐரோப்பியக் குழந்தைகளைப்போல் இரு மடங்குக்கும் மேல். கண்பாவையை அவர்கள் மிகச் சிறியதாகச் சுருக்கிக்கொள்கிறார்கள், கண்ணின் லென்ஸையும் முழு அளவுக்கு வளைக்கிறார்கள். பரம்பரைக் குணமோ என்று பார்க்க ஸ்வீடன் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பதினோரு பயிற்சியிலேயே அவர்களுக்கும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. 2006-இல் வெளியான முடிவு இது.

எல்லாமே பழக்கத்தால் வருவதில்லை. இந்தோனேசியாவின் பஜாவ் மக்களுக்கு மண்ணீரல் பக்கத்து ஊர்க்காரர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் பெரியது என்று 2018-இல் வெளியான ஆய்வு சொன்னது. மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்த சிவப்பணுக்களை இரத்தத்தில் விடுகிறது. கடலில் இறங்காத பஜாவ்களுக்கும் அது பெரிதாகவே இருந்ததால், இது பிறப்போடு வந்தது என்று முடிவு கட்டினார்கள்.

இதுவரை சொன்ன பாடங்களில் கடல் நாணயமான வாத்தியார். அது ஏமாற்றும் இடமும் உண்டு.

மூச்சை அடக்கும்போது நெஞ்சு முட்டுகிறதே, அது பிராணவாயு தீர்ந்துபோனதன் அறிவிப்பு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். அப்படியில்லை. முட்டலை முக்கியமாக உண்டாக்குவது சேர்ந்துகொண்டே போகும் கரியமில வாயு. இறங்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு விட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். பிராணவாயுக் கையிருப்பு பெரிதாக அதிகரிக்காது. அதனால் முட்டல் தாமதமாகிறது. இன்னும் கொஞ்ச நேரம் தாங்கலாம் என்று தோன்றும். தாங்கவும் முடியும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் இரு மடங்கு என்பதால், நுரையீரலில் மிச்சமிருக்கும் கொஞ்சப் பிராணவாயுவும் அங்கே மூளைக்குப் போதும். ஏறி வர வர அழுத்தம் குறைகிறது, அந்தக் கொஞ்சமும் போதாமல் போகிறது. நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பும்.

நீருக்குள் நினைவிழந்து பிழைத்தவர்களைப் பற்றி ஆல்பர்ட் கிரெய்க் 1961-இல் ஆராய்ந்து எழுதினார். மூச்சு விட வேண்டும் என்ற உந்துதல் அவர்களுக்கு வராமல் இல்லை. ஆனால் நினைவு தப்பப்போகிறது என்பதற்கு அறிகுறியே இல்லை. அதாவது, நேற்று வரை வேகமூச்சு விட்டு இறங்கி, கூடுதலாகப் பத்துச் சிப்பி எடுத்தவருக்கு அனுபவம் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: இந்த உத்தி பலிக்கிறது. பலிக்காத அன்று பாடம் படிக்க அவர் இருக்க மாட்டார். இந்த இடத்தில்தான் தோணியில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பவரின் அருமை தெரியும். குளிகாரரின் உடம்பு அவருக்குச் சொல்லாததை இவர் மேலிருந்து பார்த்துவிடுவார்.

கற்றலில் இருக்கும் இந்த வேறுபாட்டை உளவியலாளர் ராபின் ஹோகார்த் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். சில சூழல்கள் அன்பானவை. செய்ததன் பலனை உடனுக்குடன், உள்ளபடி காட்டும். சில சூழல்கள் பொல்லாதவை. பலனைத் தாமதமாகக் காட்டும், அல்லது பொய்யாகக் காட்டும். அவர் எடுத்துக்காட்டும் கதை ஒன்று, மருத்துவர் லூயிஸ் தாமஸ் சொன்னது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு மருத்துவர், நோயாளிகளின் நாக்கைத் தொட்டுப் பார்த்தே டைபாய்டு வரப்போகிறது என்று சொல்லிவிடுவாராம். சொன்னது பெரும்பாலும் பலித்தது. ஒவ்வொரு பலிதமும் அவர் நம்பிக்கையைக் கூட்டியது. உண்மையில் கழுவாத கையால் ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்கு டைபாய்டைக் கொண்டுபோனவர் அவரேதான்.

கடல்தொழிலில் இதன் பெரிய விலையைக் கொடுத்தவர்கள் கிரேக்கர்கள். காலிம்னோஸ், சிமி தீவுகளில் கடற்பஞ்சு எடுப்பவர்கள் நம்மைப் போலவே கல்லைப் பிடித்துத்தான் இறங்கினார்கள். 1860-களில் காற்றுக்குழாயும் உலோகத் தலைக்கவசமும் கொண்ட உடை வந்தது. மணிக்கணக்கில் ஆழத்தில் இருக்கலாம் என்றானது. மூச்சடக்கி மூழ்கியவரைக் காப்பாற்றிய பழக்கம், வேலை முடிந்ததும் விருட்டென்று மேலே வருவது. அழுத்தக் காற்றைச் சுவாசித்தவரை அதே பழக்கம் முடக்கிப் போட்டது. கரைந்திருந்த நைட்ரஜன், திறந்த சோடாவில் எழும் குமிழிபோலத் திசுக்களில் கிளம்பியது. ஆண்டுதோறும் இளைஞர்கள் பலர் செத்தார்கள், இன்னும் பலர் கால் விளங்காமல் வீடு திரும்பினார்கள். தீவின் பழைய அனுபவம் இதில் ஒன்றுக்கும் உதவவில்லை. தவறான திசையில்தான் தள்ளியது.

பதில் ஆய்வகத்திலிருந்து வந்தது. பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துச் சோதித்து, எத்தனை ஆழத்தில் எத்தனை நேரம் இருந்தால் ஏறும் வழியில் எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அட்டவணை போட்டார். 1908-இல் அது வெளியானது.

பண முதலீட்டிலும் இதே கதைதான். வளைகுடாவின் அக்கரையில், இலங்கையின் மறிச்சுக்கட்டியில் 1903 முதல் 1905 வரை அடுத்தடுத்து அமோகமான சலாபம். லண்டனில் ஒரு கம்பெனி உருவாகி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில் இருபது ஆண்டுகளுக்கு அந்தப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1906, 1907 இரண்டு ஆண்டும் சிப்பி கிடைத்தது. அதற்குப் பிறகு 1925 வரை அந்தப் பக்கம் சலாபமே இல்லை. கம்பெனி அதற்கு வெகுமுன்பே கலைந்துவிட்டது. பார்கள் பல்லாண்டு வெறிச்சோடிக் கிடப்பது அந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல, பழைய பதிவுகளிலும் இருந்தது. கையில் பார்த்த மூன்று வருடத்தின் முன்னால் ஏட்டில் இருந்த முன்னூறு வருடம் எடுபடவில்லை.

நம் பக்கமும் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த சலாபத்தோடு சரி. அதன் பின் நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. முத்து வளர்க்கும் நுட்பத்தை ஜப்பானியர் வெளியே விடாமல் காத்துவந்தார்கள். தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி தலைமையில், வேப்பலோடையில் சோதனை தொடங்கியது. சிப்பியின் உடலைக் கீறி, ஓட்டால் செய்த சிறு மணியையும் இன்னொரு சிப்பியின் மேலுறைத் திசுவில் ஒரு துணுக்கையும் உள்ளே வைத்து, கூண்டில் போட்டுக் கடலில் தொங்கவிட வேண்டும். கத்தி சரியாகப் பட்டதா என்று அன்றைக்குத் தெரியாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருந்து திறந்தால்தான் தெரியும். ஹோகார்த் கணக்கில் இது பொல்லாத சூழல்தான். எந்தச் சிப்பிக்கு, எந்தத் தேதியில், என்ன செய்தோம் என்று எழுதி வைக்காதவர்களுக்கு இதில் பாடமே கிடைக்காது. எழுதி வைத்துச் செய்தார்கள். 1973-இல் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்து வந்தது.

'முப்பது வருஷமா இதே வேலையைத்தான் பண்றேன், எனக்குத் தெரியாதா' என்று யாராவது சொன்னால், இப்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது: அந்த வேலையில் தப்பு செய்தால் எத்தனை நாளில் தெரியும்? சமையல்காரருக்கு அரைமணியில் தெரியும். அவர் முப்பது வருடம் என்றால் முப்பது வருடம்தான். ஹெல்மெட் இல்லாமல் புறவழிச் சாலையில் போகிறவருக்கு, பிள்ளை வளர்ப்பவருக்கு, நிலத்தில் பணம் போடுகிறவருக்கு, தினம் ஒரு பாக்கெட் புகைப்பவருக்குப் பதில் அவ்வளவு சீக்கிரம் வராது. அங்கெல்லாம் வயது ஏறியதால் மட்டும் விவேகம் ஏறியதாகக் கொள்ள முடியாது. எழுதி வைத்த கணக்கும், அடிபட்டவரின் வாக்குமூலமும், மேலிருந்து பார்க்கும் இன்னொருவரின் கண்ணும் சேர வேண்டும்.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிறவர்கள் காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு இறங்கும் முறைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கரைக்கு வந்து சில மணி கழித்து மூட்டு வலித்தால், கால் மரத்தால், குளிரில் வந்தது என்று தைலம் தேய்த்துப் படுத்துக்கொள்வது ஆபத்து. அது உடனே பிராணவாயு கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை. ஹால்டேன் அட்டவணைக்குப் பின் நூறு ஆண்டுக்கு மேலாகத் திருத்தி மேம்படுத்திய அட்டவணைகள் உலகில் இருக்கின்றன. தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மீன்வளத் துறை அலுவலகம் இருக்கிறது. எத்தனை பாகத்தில் எவ்வளவு நேரம், ஏறும்போது எங்கே எத்தனை நிமிடம் நிற்பது என்பதைப் பெரிய எழுத்தில், தமிழில், நனையாத அட்டையில் ஒரே பக்கமாக அச்சிட்டு ஒவ்வொரு சங்குகுளிப் படகிலும் கட்டித் தொங்கவிட வேண்டும். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இறங்காமல் படகிலேயே இருக்க வேண்டும். கல்லூரியும் துறையும் சேர்ந்து இதை அடுத்த சங்கு சீசனுக்குள் செய்து முடிக்கட்டும்.