சிவப்பு விளக்கு ஏந்திய மீன்

கடலுக்குள் இறங்க இறங்க எந்த நிறம் முதலில் மறையும், தெரியுமா? சிவப்புதான்! நீர் சிவப்பொளியை விரைவில் உட்கவர்ந்துவிடும். நீல ஒளியே ஆழம்வரை செல்லும். ஆகவே ஆழ்கடல் மீன்களுள் பெரும்பாலானவற்றின் கண்கள் நீல ஒளியையே நன்கு உணர்கின்றன.

அங்கே வாழும் 'மாலகோஸ்டியஸ் நைகர்' என்னும் டிராகன் மீனோ ஒரு விந்தை. சாண் நீளமே உள்ள இக்கரிய மீன், கண்ணுக்குக் கீழுள்ள உறுப்பிலிருந்து ஏறத்தாழ 700 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளியை வீசுகிறது. சுற்றியுள்ள உயிர்களுள் பெரும்பாலானவற்றுக்கு அது தெரியாது. இரையறியாமல் இரை தேடலாம்!

ஆனால் ஒரு சிக்கல். இம்மீனின் பார்வை நிறமிகளும் அவ்வொளியைச் சிறிதளவே உட்கவர்கின்றன. பின் எவ்வாறு காண்கிறது? 1998-இல் ரான் டக்ளஸ் குழுவினர் விடை கண்டனர். அதன் விழித்திரையில் பச்சையத்திலிருந்து தோன்றிய பொருள் ஒன்று உள்ளது. அது சிவப்பொளியை ஏற்று, பார்வை நிறமி செயற்படத் தூண்டுகிறது.

விலங்குகளால் பச்சையத்தை உண்டாக்க இயலாது. கடலின் மேற்பரப்பில் வாழும் நுண்பாசிகளைச் சிறு மிதவை உயிரிகள் உண்கின்றன. அவற்றை இம்மீன் உண்கிறது. பச்சையம் இவ்வழியே வருவதாகக் கருதப்படுகிறது.

இவ்விளக்குக்கும் எல்லை உண்டு. நீர் சிவப்பொளியை விழுங்குவதால் அது நெடுந்தூரம் எட்டாது. பகைவர் காணாத ஒளிக்கு மீன் கொடுக்கும் விலை அது.

இனி ஒரு வினா: செந்நிற இறால் ஒன்று நீல ஒளியில் எந்த நிறமாகத் தோன்றும்? சிந்தியுங்கள், இம்மீனின் விளக்கு எதற்கு என்பது விளங்கும்.