நகரப் பாடசாலைகளின் நிர்வாகம்: கொழும்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அரச பாடசாலை நலிவுற்றால், அதிபரின் திறமையின்மையையும் ஆசிரியரின் அக்கறையின்மையையும் காரணமாகக் காட்டுவது வழக்கம். ஆளை மாற்றினால் நிலைமை மாறும் என்னும் இந்நம்பிக்கை நிர்வாக அமைப்பின் வரலாற்றை மறைத்துவிடுகின்றது. அவ்வரலாற்றை முதலில் நோக்குவோம்.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கட்டணம் என்னும் தடையை நீக்கியது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் பொறுப்பில் கொணர்ந்தன. சமய நிறுவனங்களின் ஆதிக்கம் தளர்ந்தமை முற்போக்கானதே. ஆயினும் அவ்விடத்தை ஊர்மக்கள் பெறவில்லை, திணைக்களமே பெற்றது. கட்டணமின்றித் தனியாக நின்ற சில பாடசாலைகள் பிற்காலத்தில் கட்டணப் பாடசாலைகளாயின.

1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் நிர்வாகத்தை இரு கூறாக்கியது. தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், ஏனையவை மாகாணம், வலயம், கோட்டம் என்னும் படிநிலையின் கீழும் அமைந்தன. ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளுள் தேசிய பாடசாலைகள் 400 க்கு உட்பட்டவையே. ஆகவே ஒரே நகரில், அருகருகே அமைந்த இரு பாடசாலைகள் இரு வேறு அதிகாரங்களுக்குப் பதிலளிக்கின்றன.

இதன் விளைவு யாது? வசதியுள்ள பெற்றோர் தேசிய பாடசாலைகளையும் தனியார் பாடசாலைகளையும் நாடுகின்றனர். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை எஞ்சிய திறமையாளரையும் பெயர்த்தெடுக்கின்றது. மாணவர் தொகை குறைய, அதனை அடிப்படையாகக் கொண்டு அனுமதிக்கப்படும் ஆசிரியர் தொகையும் குறைகின்றது. ஆசிரியர் குறைய, மேலும் சிலர் விலகுகின்றனர். இச்சுழலை எந்த அதிபராலும் தனித்து நிறுத்த இயலாது.

மாற்றுவழிகள் முயலப்படாமலில்லை. 1981 இன் கல்வி வெள்ளையறிக்கை, அண்மைப் பாடசாலைகள் வளங்களைப் பகிரும் கொத்தணி முறையை முன்வைத்தது. அறிக்கை கடும் எதிர்ப்புக்குள்ளாயிற்று. கொத்தணிகள் எண்பதுகளில் ஓரளவு அமைக்கப்பட்டுப் பின்னர் வலுவிழந்தன. 2006 முதல் பாடசாலை மட்ட முகாமைத்துவம் ஊக்குவிக்கப்பட்டது. எனினும் ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் மேலிடத்திலேயே நின்றன. பொறுப்பு கீழிறங்கிற்று, அதிகாரம் இறங்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திற்கும் அதிபரே பதவிவழித் தலைவர்.

சிக்காகோ நகரில் 1988 இன் சட்டம், பெற்றோர் அறுவர் இடம்பெறும் பாடசாலைச் சபைகளிடம் அதிபரைத் தெரிவுசெய்யும் உரிமையை அளித்தது. 1995 இல் நகர முதல்வரின் கட்டுப்பாடு வந்தபோதும் அச்சபைகள் நிலைத்தன. மேற்பார்வையும் மக்கள் பங்கும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இஃதொரு சான்று.

எனவே மூன்று மாற்றங்களை வேண்டுகின்றோம். தேசிய, மாகாணப் பாடசாலைகளை ஒரே கொத்தணியில் இணைத்து ஆய்வுகூடத்தையும் பாட ஆசிரியரையும் பகிர்தல் வேண்டும். வளம் தலைக்கணக்கில் மட்டுமன்றி, தேவையின் அடிப்படையிலும் ஒதுக்கப்படல் வேண்டும். சங்கத்தில், நன்கொடை வழங்க இயலாத பெற்றோருக்கும் வாக்கும் பதவியும் உறுதிசெய்யப்படல் வேண்டும்.

துறைமுகத் தொழிலாளியின் பிள்ளை வேறு பாடசாலைக்கு மாறிச் செல்ல வசதியற்றது. அப்பிள்ளை கற்கும் பாடசாலை நலிவுறுமாயின், இலவசக் கல்வி என்பது அதற்கு வெறும் சொல்லாகவே எஞ்சும்.