சாயம் சொல்லும் சாட்சியம்

உயிரணு ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலி உண்டு. அந்த வேலியாகிய சவ்வின் கனம் சுமார் 4 அல்லது 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீட்டர் என்பது. கொழுப்பு மூலக்கூறுகள் தலையை நீரின் பக்கமும் வாலை உட்பக்கமும் வைத்து, இரண்டு வரிசையாக நின்று இச்சவ்வை அமைக்கின்றன என்று 1925-ஆம் ஆண்டிலேயே ஹாலந்து தேசத்தவரான கோர்ட்டர், கிரெண்டெல் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். நாம் உண்ணும் மருந்து உயிரணுவுக்குள் புகுவதும், நரம்பில் செய்தி ஓடுவதும் இந்த வேலியைப் பொறுத்தவை. ஆகவே இதன் இயல்பை அறிவது வெறும் பொழுதுபோக்கு அன்று.

ஆனால் இவ்வளவு மெல்லிய வஸ்துவின் உள்ளமைப்பைச் சாதாரண நுண்நோக்கியால் கண்டுவிட இயலாது. அதற்காகவே விஞ்ஞானிகள் ஒளிரும் சாயங்களைச் சவ்வினுள் செலுத்துகிறார்கள். ஒரு நிற ஒளியை உட்கொண்டு வேறு நிற ஒளியை வெளியிடும் மூலக்கூறுகள் இவை. அர்ஜென்டினாவிற் பிறந்து அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையில் பணியாற்றிய கிரிகோரியோ வெபர் என்பார் 1979-இல் வெளியிட்ட புரோடான் என்னும் சாயமும், அதன் இனத்தைச் சேர்ந்த லார்டானும் இவ்வகையிற் பேர் பெற்றவை. சவ்வு இறுகியிருந்தால் லார்டான் சுமார் 440 நானோமீட்டர் அலைநீளத்தில் நீலமாக ஒளிரும். தளர்ந்து நீர் கசிந்திருந்தால் சுமார் 490-க்கு நகர்ந்து பச்சை கலந்துவிடும். நிறத்தைப் பார்த்துச் சவ்வின் நிலையைச் சொல்லலாம் என்பது ஏற்பாடு.

நியாயஸ்தலத்திற் பழகியவர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் தோன்றும். இந்தச் சாட்சி எங்கே நின்று பார்த்தது? தான் அங்கே போய் நின்றதனாலேயே அவ்விடத்து நிலைமையைக் கலைத்துவிடவில்லையா? இவ்விரண்டையும் கேளாமல் சாட்சியத்தை ஒப்புக்கொள்ளுவது எந்த நீதிபதிக்கும் அழகன்று.

என்.பி.டி. என்னும் சாயத்தின் கதையைக் கேளுங்கள். கொழுப்பு மூலக்கூறின் வால் நுனியில் அதைக் கட்டிவிட்டால், வால் இருக்கும் நடு ஆழத்தில் சாயமும் இருந்து அவ்விடத்துச் செய்தியைத் தரும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. பின்னாளில் ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய அமிதாப சட்டோபாத்யாயரும், ஏர்வின் லண்டன் என்பாரும் 1987-இல் ஒரு முறையை வகுத்தனர். ஒளியை அணைக்கும் மூலக்கூறுகளைத் தெரிந்த ஆழங்களில் வைத்து, எதனால் சாயம் அதிகம் மங்குகிறது என்று ஒப்பிட்டு, அதன் ஆழத்தைக் கணக்கிடும் முறை அது. அம்முறையினாற் பார்த்தால், என்.பி.டி. ஆழத்தில் இல்லை! நீரை நாடும் குணமுள்ள அது, தான் கட்டுண்ட வாலையும் வளைத்துக்கொண்டு மேற்பரப்பின் அருகே வந்து நிற்கிறது. கிணற்றின் அடியிலிருந்து பேசுவதாக நாம் எண்ணியவன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பேசினான் என்றே சொல்லலாம்.

வால் எப்படி வளைகிறது என்பதைக் காட்டக் கணிப்பொறி வந்தது. ஒவ்வோர் அணுவையும் மற்ற அணுக்கள் இழுப்பதும் தள்ளுவதும் எவ்வளவு என்று கணக்கிட்டு, நியூட்டனின் விதிப்படி அவற்றைச் சிறிது நகர்த்தி, மறுபடி கணக்கிடுவதே வேலை. ஓர் அடிக்கு இரண்டு ஃபெம்டோ வினாடி என்பது வழக்கம். ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறாக்கி, அக்கூறு ஒன்றை மீண்டும் நூறு கோடி கூறாக்கினால் வருவது ஃபெம்டோ வினாடி. வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தைக் காண வேண்டுமாயின் ஐம்பது கோடி அடிகள் வைத்தாக வேண்டும்! போர்த்துகல் தேசத்து லூரா, ரமால்யோ என்போர் 2007-இல் இவ்விதம் கணக்கிட்டுப் பார்த்தபொழுது, அங்கும் வால் வளைந்து சாயம் மேலே வரக் கண்டனர். இரண்டு வேறு வழிகள் ஒரே முடிவுக்கு வந்தன.

இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்து வருகிறது. டி.பி.எச். என்னும் கோல் போன்ற சாயத்தைப் பற்றி 2005-இல் வெளியான கணக்கு, அது தன்னைச் சூழ்ந்த வால்களின் ஒழுங்கை மாற்றுகிறது என்றும், அம்மாறுதல் அண்டை அயலோடு நின்றுவிடுகிறது என்றும் காட்டியது. அண்டை அயலைப் பற்றித்தானே அச்சாயம் செய்தி சொல்லுகிறது என்று நேயர்கள் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே.

கணிப்பொறியையும் கண்மூடி நம்புவதற்கில்லை. இழுப்புக்கும் தள்ளலுக்கும் அது கொள்ளும் அளவுகள் மனிதர் கொடுத்தவை. எக்ஸ் கதிர்ச் சோதனைகளோடு ஒத்துப் பார்த்தே அவற்றை ஏற்க வேண்டும். சாயம் ஒளிரும் கணத்தை நியூட்டனின் விதி கொண்டு விளக்கவும் முடியாது. அதற்குக் குவாண்டம் கணிதம் வேண்டும். இரண்டு கணிதங்களையும் ஒரே மூலக்கூறில் இணைக்க வழிகண்ட கார்ப்ளஸ், லெவிட், வார்ஷெல் மூவருக்கும் 2013-இல் ரஸாயன நோபல் பரிசு கிட்டியது. இத்தனைக்கும் மேலாக, கணிப்பொறியில் கட்டப்படும் சவ்வு பெரும்பாலும் சில நூறு மூலக்கூறுகளும் ஓரிரண்டு கொழுப்பு வகைகளும் கொண்டது. உயிருள்ள அணுவின் சவ்விலோ கொழுப்பு வகைகள் மாத்திரம் நூற்றுக்கணக்கில் உள்ளன, புரதங்கள் வேறு.